உப்பின் வழியே மூன்று நாள் நடை

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரங்களில் வாழும் மாணவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. கிணற்று நீர் தேங்கி வற்றிய இடத்தில் தரை வெண்மையாகப் பூத்திருக்கும். அதில் பெரும்பகுதி நாம் சமையலில் பயன்படுத்தும் அதே உப்புதான். கடலோ நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அவ்வாறாயின் இந்த உப்பு இங்கு எப்படி வந்தது? வந்த உப்பு ஏன் திரும்பிப் போகவில்லை?

விடை காண, பாலாறு கடலில் கலக்கும் இடம் வரை நடந்து பார்ப்போமா?

புறப்படுமுன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு ஏற்றவை. தனி வழிகாட்டி தேவையில்லை. கடலை இடப்புறம் வைத்துத் தெற்கு நோக்கி நடந்தால் வழி தவறாது. ஆனால் ஆசிரியரோ பெற்றோரோ கட்டாயம் உடன் வரவேண்டும். தொப்பி, குடிநீர், குறிப்பேடு, மூடியுள்ள மூன்று புட்டிகள் ஆகியவை போதும். இரண்டு இரவுகளும் மாமல்லபுரத்திலேயே தங்கலாம். அங்கு எல்லா வசதிகளும் கொண்ட விடுதிகள் பல உள்ளன. மூட்டைகளை அறையில் வைத்துவிட்டால் கைவீசி நடக்கலாம். இக்கரையில் நீரோட்டம் வலியது. எவ்விடத்திலும் கடலில் இறங்கிக் குளிக்கலாகாது.

முதல் நாள்: கோவளம் முதல் மாமல்லபுரம் வரை

தொலைவு சுமார் 20 கிலோமீட்டர். விடியற்காலையிலேயே தொடங்குங்கள். உலர்ந்த மணலில் கால் புதையும். அலை நனைத்துச் சென்ற மணலோ கெட்டியாக இருக்கும். மணல் துகள்களுக்கு இடையே உள்ள சிறிதளவு நீர், தன் பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று பிணைப்பதே காரணம்.

மணல்மேடுகளில் அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கும். அவற்றுக்குப் பின்னால், கடலுக்கு மிக அருகிலேயே, மணலில் தோண்டிய ஆழமற்ற கிணறுகளில் நன்னீர் கிடைப்பதுண்டு. இது எவ்வாறு இயலும்?

ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1,000 கிராம். கடல்நீரின் எடை சுமார் 1,025 கிராம். ஆகவே மணலுக்கடியில் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். பனிக்கட்டி நீரில் பெரும்பகுதி அமிழ்ந்து மிதப்பதைப் போன்றதே இது. இவ்விதியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரரான கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கூறினர்.

இதன் மறுபக்கம் அச்சமூட்டுவது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறும்!

பாதி வழியில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் உள்ளது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் வகையில் 2013இல் இது இயங்கத் தொடங்கியது. மிகுந்த அழுத்தத்தில் நீரை நுண்ணிய சவ்வின் வழியே செலுத்துகிறார்கள். நீர் கடந்துவிடும், உப்பு பின்தங்கும். இதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் என்று பெயர். இச்சொல்லை நினைவில் வையுங்கள். ஆம்பூருக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

இரண்டாம் நாள்: மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை

கல்பாக்கம் அணுமின் நிலையப் பகுதியின் கரையில் நடக்க அனுமதியில்லை. எனவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 13 கிலோமீட்டர் நடக்கவேண்டும். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையைக் காணலாம். இங்கிருந்து மெல்லிய பருத்தித் துணிகள் கப்பலேறின. மாலையில் பேருந்தில் மாமல்லபுரம் திரும்பி ஓய்வெடுங்கள்.

மூன்றாம் நாள்: வாயலூர் முகத்துவாரம்

காலையில் பேருந்தில் சதுரங்கப்பட்டினம் வந்து, தெற்கே வாயலூருக்கு நடப்போம். அங்கே பல்லவ மன்னன் இராசசிம்மனின் கல்வெட்டுத் தூண் ஒன்று உண்டு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டியவனும் அவனே.

அதற்கப்பால் பாலாறு! கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி, 348 கிலோமீட்டர் கடந்து இங்கே முடிகிறது. 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு ஓடிய ஆறு இது. ஆனால் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் கடலுக்கு நீர் வருவதில்லை. நீரோட்டம் ஓய்ந்ததும் அலைகள் மணலைக் குவித்து வாயை அடைத்துவிடுகின்றன. கடல்நீர் உள்ளே ஏறாதிருக்கவும், நன்னீர் மணலில் இறங்கவும் வாயலூர் அருகே தடுப்பணை கட்டப்பட்டுள்ளது. நன்னீர் மட்டத்தை உயர்த்தினால் உப்புநீர் கீழே போகும் என்ற அதே விதிதான்.

மீண்டும் ஆம்பூர்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்பைத் தடவுகிறார்கள். பதனிடும் ஆலையில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பு நீரில் கரைகிறது. பல ஆண்டுகளாக அந்நீர் பாலாற்றுப் படுகைக்குச் சென்றது. கழிவிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். உப்பை எந்த உயிரும் தின்று தீர்ப்பதில்லை. அதை அடித்துச் செல்ல ஓடும் நீரும் இல்லை. ஆகவே அது நிலத்தடியில் தங்கிவிட்டது.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நெம்மேலியில் கண்ட அதே சவ்வு முறை வந்தது. எனினும் அங்கே பிரித்த உப்புநீரைக் கடலுக்கு அனுப்பலாம். இங்கே அதற்கு இடமில்லை. நீரை ஆவியாக்கிய பின் கலப்பு உப்பு குவியலாக எஞ்சுகிறது. அதைச் சேமித்துக் காப்பதும் ஒரு சிக்கலே. ஆதலால் ஊறவைக்குமுன்பே தோலிலுள்ள உப்பை உதறி எடுப்பதும், குறைந்த உப்பில் தோலைப் பாதுகாப்பதும் சிறந்த வழிகளாகும். கரைந்த உப்பைப் பிரிப்பதைவிடக் கரையாத உப்பை அள்ளுவது எளிதல்லவா?

செய்து பாருங்கள்

கடல்நீர், கடலோரக் கிணற்று நீர், உங்கள் ஊர்க் கிணற்று நீர் ஆகியவற்றை மூன்று புட்டிகளில் கொண்டு வாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டர் எடுத்து, ஆவியாக்கும் கிண்ணத்தில் வற்றவிட்டு, எஞ்சியதை எடை போடுங்கள். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 கிராம் கிடைக்கும். குடிநீரில் 0.05 கிராமுக்கு மேல் இல்லாதிருப்பது நன்று. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 0.2 கிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

உங்கள் கிணற்றின் எண் எங்கே நிற்கிறது? குறித்து வையுங்கள். மழைக்கு முன்னும் பின்னும், ஆண்டுதோறும், அதே கிணற்றில் அளந்து வாருங்கள். நிலத்தடியில் உப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லும்.