எடுத்து வளர்த்தால் மட்டும் போதுமா?

தமக்குப் பிள்ளை இல்லாவிட்டால் தம்பியின் மூன்றாவது மகனையோ, தாயை இழந்த தங்கை மகளையோ எடுத்து வளர்ப்பது நம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். குருண் வட்டார ரப்பர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் சடங்கை நம் பாட்டிமார் நன்கு அறிவர். அச்சடங்கைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், தவிடு கைமாறியதைக் கொண்டு சட்டம் எவரையும் தாய் தந்தையராக ஏற்றுக்கொள்வதில்லை. இதனையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பால்மரம் வெட்டும் ஒருவர், தம் தம்பியின் மகனைக் கைக்குழந்தையாக எடுத்து இருபது ஆண்டுகள் வளர்த்தார் என வைத்துக்கொள்வோம். பதிவு ஏதும் இல்லை. மனைவி முன்னரே காலமாகிவிட்டார்; பெற்றோரும் இல்லை. அவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், சுங்கை பட்டாணியில் அரும்பாடுபட்டு வாங்கிய சிறு வீடு யாருக்குச் சேரும்? 1958ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டம், தத்தெடுப்புச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளையை மட்டுமே பிள்ளையாகக் கணக்கில் கொள்கிறது. ஆகவே வீடு இறந்தவரின் உடன்பிறந்தாருக்குப் போகும். அவர்களுள் ஒருவர் அப்பையனைக் கொடுத்த தம்பி! வளர்த்தவருக்குக் கொள்ளி வைத்த பிள்ளைக்கோ ஒன்றுமில்லை.

நம் நாட்டில் இதற்கு இரு வழிகள் உள்ளன. இரண்டும் 1952ஆம் ஆண்டுச் சட்டங்களே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலர்.

முதலாவது, தத்துப் பதிவுச் சட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளையை இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வளர்த்துப் படிக்க வைத்து வருவோர், தேசியப் பதிவு இலாகாவில் இதன்கீழ் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. பிள்ளையைப் பராமரிக்கும் உரிமையும் பொறுப்பும் வளர்ப்போருக்கு வந்துவிடும். ஆனால் சொத்துரிமை வாராது. இவ்வழியைத் தேர்ந்தோர் உயில் எழுதி வைப்பதும், ஊழியர் சேமநிதியில் பிள்ளையின் பெயரை நியமித்து வைப்பதும் அவசியம்.

இரண்டாவது, தத்தெடுப்புச் சட்டம். இது முஸ்லிம் அல்லாதாருக்கு உரியது. செஷன்ஸ் நீதிமன்றமோ உயர்நீதிமன்றமோ கட்டளை வழங்க வேண்டும். தத்தெடுப்பவர் இருபத்தைந்து வயதை எட்டியவராகவும், பிள்ளையைவிட இருபத்தொரு வயதாவது மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். நெருங்கிய உறவினராயின் இருபத்தொரு வயது நிறைந்திருந்தாலே போதும். பெற்றோரின் சம்மதம் தேவை. கட்டளைக்கு முன் மூன்று மாதமாவது பிள்ளை தொடர்ந்து அவர்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். சமூகநல அதிகாரிக்கும் மூன்று மாதத்திற்கு முன்னரே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கட்டளை கிடைத்த பின்னர், பிள்ளை சட்டத்தின் கண்ணில் அவ்வீட்டிலேயே பிறந்த பிள்ளை, சொத்தும் உண்டு. பெற்றவர் வீட்டுச் சொத்தில் உரிமை கோர இயலாது. பிள்ளையைக் கொடுப்போர் இதனை முன்னரே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றம் என்றதும் அஞ்சிக் குறுக்கு வழி தேடுவோரும் உளர். எடுத்த குழந்தையைத் தாமே பெற்றதாகக் கூறிப் பிறப்புப் பத்திரம் எடுப்பது குற்றம். பிள்ளைக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமே. உறவல்லாதாரின் குழந்தையை வளர்க்க எடுத்துக்கொண்டால், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி ஒரு வாரத்திற்குள் சமூகநல இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்து வைத்ததன் விளைவு, பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு அடையாளக் கார்டு எடுக்கப் போகும்போதுதான் வெளிப்படும். அதற்குள் பெற்றவள் எங்கிருக்கிறாள் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

மற்றொன்றையும் இங்கே கூறியாக வேண்டும். தத்தெடுத்ததனால் மட்டுமே குடியுரிமை வந்துவிடாது. பெற்றோரின் திருமணம் பதிவாகாமலிருந்தால், பிள்ளை தாயின் குடியுரிமை நிலையையே பெறும். தாய்க்கே பத்திரம் இல்லையெனில், குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் குடிமக்கள் அல்லாதார் எனப் பதிவாகிவிடும். பெற்றோர் இன்னார் எனத் தெரியாத, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை ஒன்றின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. அப்பிள்ளை மலேசியக் குடியுரிமை உடையதே என 2021 நவம்பர் 19ஆம் நாள் தீர்ப்பாயிற்று. வளர்த்த பெற்றோர் விடாமல் வழக்காடியதன் பயன் அது. எல்லாராலும் அவ்வளவு தூரம் செல்ல இயலுமா? திருமணத்தை அன்றே பதிவு செய்துகொள்வது எவ்வளவோ எளிது.

பெற்றோர் பிரிய நேர்ந்தால் பிள்ளை யாரிடம் இருக்கும் என்றும் பலர் கேட்கின்றனர். 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம், பிள்ளையின் நலனையே முதலாவதாக வைக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பது நல்லது என்பது அதன் பொது நோக்கு. தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் வேறுவிதமாகவும் முடிவு செய்யலாம். 'ஆண்பிள்ளை, ஆகவே அப்பனுக்கே' எனும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

குருண் வட்டாரத்தார் சுங்கை பட்டாணிக்குச் சென்று விசாரிக்கலாம். வசதி குறைந்தோர் சட்ட உதவி இலாகாவில் ஆலோசனை கேட்கலாம். போகும்போது பிள்ளையின் பிறப்புப் பத்திரம், இரு தரப்புப் பெற்றோரின் அடையாளக் கார்டுகள், திருமணப் பத்திரங்கள் ஆகியவற்றின் அசலையும் நகலையும் கையோடு எடுத்துச் செல்க. இயன்றால், பெற்றவரையும் உடன் அழைத்துச் செல்க.