பாட்டனார் வேண்டிய வரம்

தாய் தந்தையற்ற சிறுவர்க்குத் தொண்டு செய்தல் புண்ணியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அத்தொண்டை எங்ஙனம் செய்வது என்பதிலேயே ஐயம் எழுகின்றது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் இரண்டு வாரமோ ஒரு மாதமோ தங்கி, அநாதைக் குழந்தைகளுக்குப் பணிசெய்து மீள இளைஞர் பலர் விழைகின்றனர். அவர்தம் பொருட்டு மலாவி நாட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

மலாவி தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையில்லா நாடு. மக்களுள் பெரும்பாலோர் மக்காச்சோளம் பயிரிடும் குடியானவர். 1990-களில் எய்ட்ஸ் நோய் அங்கே எண்ணற்ற பெற்றோரை வாரிக்கொண்டு போயிற்று. 2004 முதல் மருந்து இலவசமாகக் கிடைக்கவே சாவு குறைந்தது. எனினும் ‘அநாதை’ என்னும் சொல்லைப் பொருளறிந்து வழங்கவேண்டும். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம், பெற்றோருள் ஒருவரை மட்டும் இழந்த பிள்ளையையும் அக்கணக்கில் சேர்க்கின்றது. ஆகவே அவருள் பலர்க்குத் தாயோ தந்தையோ உளர். இருவரும் இல்லாவிடத்தும் பெரும்பாலும் பாட்டி இருக்கின்றாள். சிச்சேவா மொழியில் அவளை ‘அகோகோ’ என்பர். நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் குலம் பெரும்பாலும் தாய்வழியே செல்வதால், தாய்மாமனுக்கும் பிள்ளைமீது உரிமையும் கடமையும் உண்டு. (தாய்மாமன் பெருமையை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.) அக்குழந்தைக்குக் குறைவது உறவன்று. அறுவடைக்கு முன், ஜனவரி முதல் மார்ச்சு வரை, பாட்டியின் பானையில் மாவு இல்லை என்பதே குறை.

இனி, விநயத்தில் வரும் இராகுலன் வரலாற்றை நினைவு கூர்வோம். தந்தையிடம் உரிமைப்பொருள் கேட்டு வந்த சிறுவனைப் பகவான் சாரிபுத்தர் கையால் சங்கத்தில் சேர்ப்பித்தார். அதைக் கேட்ட சுத்தோதனர் ஆறாத் துயருடன் வந்து ஒரு வரம் வேண்டினார். மகன் துறந்தபோதும் நந்தன் துறந்தபோதும் உற்ற துயரினும், பேரனைப் பிரிந்த துயர் பெரிது என்றார். இனிப் பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் துறவில் சேர்க்கலாகாது என்று கேட்டுக்கொண்டார். பகவான் அதனைச் சங்கத்தின் விதியாக்கினார். இராகுலன் பெற்றது வெறும் சோறும் துணியும் அன்று, தம்மம். கொடுத்தவரோ ததாகதர். அவ்வாறிருந்தும் பாட்டனாரின் துயரை அவர் சிறிதென்று தள்ளவில்லை.

பிற மதத்தார் இல்லங்களைக் குறைகூறுதல் எளிது. நாம் பௌத்த இல்லம் ஒன்றையே காண்போம். தைவானிலிருந்து வந்த ஹுய் லி என்னும் பிக்கு, மலாவியின் பிளாண்டயர் நகர்ப்புறத்தில் அமிதாபர் பெயரால் ஓர் இல்லம் அமைத்தார். பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் கிடைத்தன. சீன மொழியும் போர்க்கலையும் கற்றனர். அங்கு வளர்ந்த ஓர் இளைஞனைக் குறித்து நிக்கோல் ஷேஃபர் என்னும் தென்னாப்பிரிக்க அம்மையார் ‘புத்தா இன் ஆப்பிரிக்கா’ என்ற படத்தை 2019-இல் வெளியிட்டார். மேற்படிப்புக்குத் தைவான் செல்வதா, கிராமத்து உறவினரிடம் திரும்புவதா என்று அவன் தத்தளிப்பதே அப்படத்தின் கரு. இல்லம் தீயதென்று நாம் சொல்லோம். பசித்தவனுக்கு அது சோறிட்டது. ஆயினும் பாட்டனார் கேட்ட கேள்வி அவ்வாயிலிலும் நிற்கின்றது.

நூற்பாலையில் இழை அறுந்தால், பணியாள் அதனை அதே கதிரில் பிணைப்பான்; அடுத்த கதிரில் கொண்டுபோய்ச் சுற்றமாட்டான்.

2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் இவ்வழியே பேசிற்று. வறுமை ஒன்றே காரணமாகக் குழந்தையைக் குடும்பத்தினின்று பிரித்தலாகாது என்றும், அநாதை இல்லங்களுக்குத் தொண்டர் செல்லும் ஏற்பாடுகளால் கேடு விளையலாம் என்றும் அது தீர்மானித்தது. காரணம் எளிது. முன்பின் அறியாதவன் மடியில் ஓடிவந்து ஏறும் குழந்தையைக் கண்டு நாம் உருகுகின்றோம். அவ்வோட்டம் பலமுறை கைவிடப்பட்ட பிள்ளையின் ஏக்கமாயிருக்கலாம். மாதந்தோறும் புதிய அண்ணன் வந்து போனால், தாயை இழந்த பிள்ளை மாதந்தோறும் ஒருவரை இழக்கும்.

ஆயின் போகவே கூடாதா? போகலாம், குழந்தைக்கு முன்னால் நில்லாது, அதைக் காப்பவர்க்குப் பின்னால் நிற்கவேண்டும். மலாவிக் கிராமங்களில் ஊர்ப்பெண்கள் கூலியின்றியே சிறுவர் கூடங்களை நடத்திக் கஞ்சி காய்ச்சி ஊட்டுகின்றனர். முதல் தொண்டர் அவர்களே. அவர்க்கு விறகும் தண்ணீரும் சுமக்கலாம், கூரை வேயலாம், கணக்கெழுதக் கற்பிக்கலாம். 2006-இல் முச்சிஞ்சி மாவட்டத்தில் தொடங்கி அரசு மிக வறிய குடும்பங்களுக்குப் பணம் கொடுத்து வந்தது. பிள்ளை பாட்டியிடமே இருந்து பள்ளி செல்ல அது உதவிற்று. பயணச் செலவை எண்ணிப் பார்த்து, அத்தொகையை அக்கூடத்தின் மாவுக்கு அனுப்புவதே மேல் எனத் தோன்றினால், வீட்டிலிருந்தே தானம் செய்க.

செல்வோர் சிச்சேவா மொழியிற் சில சொற்களேனும் கற்றுச் செல்க. புறப்படும் நாளை வந்த அன்றே குழந்தைகளிடம் சொல்லிவிடுக. நிழற்படம் எடுக்க விரும்பினால் அகோகோவிடம் கேட்க. அவள் மறுத்தால் கருவி பைக்குள்ளேயே இருக்கட்டும்.