படுத்தால் மூச்சு முட்டுகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சன்னலைத் திறந்துவிடச் சொல்கிறார். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மக்களே, ராத்திரி மரச்சீனி தின்னேம்லா, வாயு பிடிச்சிருக்கு" என்கிறார். நீங்களும் ஓமத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, "விடியட்டும், காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று முடிவு செய்கிறீர்கள்.

நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வாயுவாகவே இருந்துவிட்டால் நல்லது. ஆனால் படுத்தால் மூச்சு முட்டி, நிமிர்ந்து உட்கார்ந்தால் சற்று ஆறுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வயிற்றை அல்ல, இதயத்தை.

'இதய செயலிழப்பு' என்ற பெயரே பலரைக் குழப்புகிறது. இதயம் நின்றுபோய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இறைத்துக் கொடுக்க இதயத்தால் முடியவில்லை என்பதுதான் பொருள். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, அப்படி. இறைக்க முடியாத ரத்தம் பின்னால் தேங்குகிறது. அந்த அழுத்தத்தில் நீர் கசிந்து பகலில் காலில் இறங்கி நிற்கிறது. பாதம் வீங்குகிறது, விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. இரவு படுத்ததும் அதே நீர் ரத்தத்தோடு சேர்ந்து மேலே திரும்பி வர, பலவீனமான இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோக்கிறது. அதனால்தான் படுத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நோயாளி திடுக்கிட்டு எழுகிறார். நெஞ்சில் 'கீச் கீச்' என்ற சத்தமும் வரும் என்பதால் இதை ஆஸ்துமா என்று நினைத்து, வீட்டில் கிடக்கும் பழைய இன்ஹேலரை அடித்துவிட்டுப் படுப்பவர்களும் உண்டு. அறுபது வயதில் முதன்முறையாக இளைப்பு வந்தால் அதை வெறும் இளைப்பு என்று எண்ணாதீர்கள்.

நமக்கு மிக அருகிலேயே இதைப் பற்றி விரிவான ஆய்வு நடந்திருக்கிறது. 2013-இல் திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் இதய செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரை ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 61தான். பத்தில் ஏழு பேருக்கு இதய ரத்தக் குழாய் நோயே காரணமாக இருந்தது. நூற்றுக்கு எட்டுப் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். 90 நாளில் அந்த எண்ணிக்கை பதினெட்டு ஆனது. அதாவது வீட்டுக்கு வந்தபின் இறந்தவர்கள் அதிகம். 'டிஸ்சார்ஜ் ஆயாச்சு, இனி பயமில்ல' என்று நாம் மூச்சுவிடும் அந்த முதல் மூன்று மாதம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய காலம். சாப்பாடும் பழக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் பக்கத்து மாவட்டம் அது. இந்தக் கணக்கை நம் கணக்காகவே எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மூன்று மாதமும் தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், காப்பி குடிக்கும் முன் எடை பாருங்கள். காலண்டரிலேயே குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். ஒரு தலையணை போதும் என்றிருந்தவர் இரண்டு கேட்கிறார், செருப்பு இறுக்குகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கருவாடும் கடுமாங்காயும் பப்படமும் ஒரே கல்யாண வாரத்தில் சேர்ந்தால் உப்பு மட்டுமே போதும், நீர் கோத்துவிடும். முட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் உடம்பில் நீரைத் தேக்கும். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு என்றுகூடக் காத்திருக்கக் கூடாத நிலைமை வேறு. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. இருமினால் நுரை வருகிறது, அதில் இளஞ்சிவப்பு நிறம். உதடு நீலம் பாய்கிறது, உடம்பு சில்லிட்டு வியர்க்கிறது, பேச்சு குழறுகிறது, மயக்கம் வருகிறது, அல்லது மூச்சுத் திணறலோடு நெஞ்சும் வலிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், மணி எத்தனை என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். 'மகன் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணட்டும், கேட்டுட்டு முடிவு பண்ணலாம்' என்று காத்திருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. மகனுக்கு ஆம்புலன்சில் ஏறியபின் சொல்லிக்கொள்ளலாம்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல், ஊர்ப் பெயர். 'விளை' என்று முடியும் இடங்கள் எத்தனை! ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆகவே ஊர்ப் பெயரோடு பஞ்சாயத்து, பக்கத்துச் சந்திப்பு, கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ எது அடையாளமோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'மூச்சுத் திணறல், ஏற்கெனவே இதய நோயாளி' என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு ஒருவர் டார்ச்சோடு முடுக்கின் முனையில் நிற்கட்டும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற மலைப்பகுதி என்றால், வண்டி வரக்கூடிய சாலைவரை நோயாளியை நடத்திக் கூட்டி வராதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்குங்கள்.

வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். முதுகுக்கு அணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கப் போடச் சொல்லுங்கள். சட்டை, ரவிக்கையைத் தளர்த்துங்கள். சோடா, கஞ்சி, கஷாயம் எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள்; ரத்த அழுத்தம் குறைவாக இருப்பவருக்கு அது ஆபத்து. பேச்சு மூச்சில்லாமல் சாய்ந்துவிட்டால் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளால், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு விடாமல் அழுத்துங்கள்.

108 வண்டியில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற உதவியாளரும் உண்டு என்பதால், ஆட்டோவிலோ பைக்கில் நடுவே உட்காரவைத்தோ கொண்டுபோவதைவிட அதுவே மேல். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, தக்கலையா, குழித்துறையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைத் தேடி அலமாரியைக் கவிழ்க்க வேண்டாம். அதைக் காலையில் எடுத்துவரலாம். கையில் இருக்க வேண்டியவை பழைய டிஸ்சார்ஜ் சீட்டும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளும். இரண்டையும் இன்றைக்கே ஒரு பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வையுங்கள்.