பெக்கோ இறங்கினால் குளம் பிழைத்துவிடுமா?

போர் முடிந்து சனம் மீளக் குடியேறிய பிறகு, மாங்குளத்தை உள்ளடக்கிய வன்னியில் சிறு குளங்கள் பலவற்றில் கட்டு உயர்த்தி, துருசு மாற்றி, தூர்வாரினார்கள். வயலுக்குத் தண்ணீர் வேண்டும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் "குளத்தைத் திருத்தினால் சீவராசிகள் தானாக வந்துவிடும்" என்ற பேச்சை அப்படியே ஏற்க முடியாது. மீனையும் கொக்கையும் பார்த்து மகிழ்கிறோம். அவற்றுக்கு இரையாகும் நத்தை, நீர்வண்டு, தும்பிக் குடம்பி போன்ற முள்ளந்தண்டிலிகளை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

நம்பிக்கை: குளம் ஆழமானால் உயிர்கள் பெருகும்.

உண்மை: ஆழமானால் தண்ணீர் பெருகும். பூச்சி புழுக்களில் பெரும்பாலானவை முழங்காலளவு நீரில், அலைகரைப் பக்கத்துப் புல்லிலும் கோரையிலுமே வாழ்பவை. பெக்கோ கரையை நெட்டுக்குத்தாக வெட்டிவிட்டால் அந்த விளிம்பே இல்லாமற்போகும்.

இன்னொரு சேதம் கண்ணில் படாது. ஆவணியில் வெடித்துக் கிடக்கும் குளத்து மண்ணைக் கிண்டினால், வாயைச் சாத்திக்கொண்டு மாரிக்குக் காத்திருக்கும் நத்தை அகப்படும். ஓட்டின் வாயை அடைத்திருக்கும் தட்டு நகத்தால் தள்ளினாலும் இலேசில் அசையாது. அதே மண்ணில், புழுதியோடு புழுதியாக, ஒஸ்ட்ரகோட் போன்ற நுண்ணிய ஓட்டுயிர்களின் முட்டைகள் காய்ந்தும் சாகாமல் கிடக்கின்றன. மேல்மண்ணை வாரிக் கட்டில் கொட்டும்போது அடுத்த மாரிக்கான விதைநெல்லையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறோம். மேல்மண்ணில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துத் திரும்பப் பரப்பலாம். ஒரே கோடையில் முழுக் குளத்தையும் வழிக்காமல் பாதி பாதியாகச் செய்யலாம். ஒப்பந்தகாரருக்கு அது பிடிக்காது என்பது வேறு கதை.

இது வன்னிக்கு மட்டும் உரிய சிக்கலல்ல. நெதர்லாந்தில் வடிகால்களை அடைத்து மீண்டும் ஈரமாக்கிய சதுப்புகளை, திருத்தாமல் விட்ட பகுதிகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2003 இல் வெளியானது. அரிய நீர்ப்பூச்சிகள் பல, சீரழிந்தவை என்று ஒதுக்கப்பட்ட இடங்களிலேயே தங்கியிருந்தன.

நம்பிக்கை: வற்றாத குளமே நல்ல குளம்.

உண்மை: கமக்காரருக்கு ஆம், தும்பிக்கு அப்படியல்ல. வடகீழ்ப் பருவமழையோடு கூட்டமாக வரும் மஞ்சள் தும்பி, புதிதாக நீர் நிறைந்த, மீனில்லாத தேக்கங்களில் முட்டையிடும். ஆறு வாரமளவில் குடம்பி வளர்ந்து பறந்துவிடும். வற்றாத குளத்திலோ மீன் நிலைத்துவிடும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், இப்போது குளங்களில் விடப்படும் கெண்டையினக் குஞ்சுகளும் இருக்குமிடத்தில் குடம்பி தப்புவது கடினம். மீன் விடவேண்டாம் என்று சொல்லவில்லை. குளத்துக்கு மேலேயுள்ள சிறு மோட்டைகளை ஆழப்படுத்திக் குளத்தோடு இணைக்காமல் விட்டாலே போதும்.

நம்பிக்கை: சல்வீனியாவை ஒன்றும் மிச்சமில்லாமல் அள்ளிவிட வேண்டும்.

உண்மை: எவராலும் முழுதாக அள்ள முடிவதில்லை. 1939 இல் வந்த இந்தக் களையை அடக்க 1986 இல் விடப்பட்ட சிறு கூன்வண்டு அதில்தான் வாழும். களையோடு வண்டும் போய்விட்டால், மிஞ்சிய துண்டு தடையின்றித் தளிர்க்கும்.

நம்பிக்கை: குளம் திருந்தினால் நுளம்பு ஒழியும்.

உண்மை: இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012 உடன் நின்றது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் நோயைப் பரப்பிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு எங்கும் போய்விடவில்லை. அது சாக்கடையைத் தேடாது. வெயில்படும் தெளிந்த சிறு தேக்கமே அதற்குப் பிடித்தது: கோடையில் ஆறு வற்றும்போது மணலில் மிஞ்சும் குட்டையைப் போல. கனகராயன் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அத்தகைய குட்டை புதிதல்ல. கட்டுக்கு மண் எடுத்துவிட்டு அப்படியே விடும் குழியும் மழைக்குப்பின் அதுவேதான். புதுத் தேக்கத்துக்கு நுளம்பு விரைவில் வந்துவிடும். அதைத் தின்னும் பூச்சிகள் போதிய அளவில் பெருக நாளெடுக்கும். ஆகவே புனரமைப்பு மதிப்பீட்டில் அந்தக் குழிகளை மூடும் செலவும் இருக்கிறதா என்று கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் கேளுங்கள். மூடுவதானால் ஐப்பசி மழைக்கு முன்னரே மூடவேண்டும்.