சேற்றுநிலத்து வாயுவும் கோயம்புத்தூர் ரசாயன சாலையும்

உத்தமபாளையம் வட்டத்து நஞ்சைகளில், நடவு முடிந்து சில வாரங்கள் சென்றபின் சேற்றில் கால் வைப்பவர் எவரும், மிதித்த இடத்தைச் சுற்றிக் குமிழிகள் எழுந்து உடைவதைக் காணலாம். தழை மிகுதியாக மிதிக்கப்பட்ட வயலில் குமிழியும் மிகுதி. இக்குமிழியில் அடங்கியது யாது, அது பயிருக்கு நன்மையோ தீமையோ என்னும் வினாவை ஒரு சர்க்கார் ஆராய்ச்சிச்சாலை பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது.

சைதாப்பேட்டையில் நடந்துவந்த விவசாயக் கல்லூரி 1906-ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அங்கு அமைந்த ரசாயன சாலை, சென்னை இராஜதானியின் சர்க்கார் விவசாய ரசாயன சாஸ்திரியின் பொறுப்பில் இருந்தது. அப்பதவியை வகித்த டபிள்யூ. எச். ஹாரிசன், மேனாட்டுப் புன்செய்ப் பயிர்களுக்கு வகுக்கப்பட்ட விதிகளை அப்படியே நெல்லுக்குச் சார்த்திவிடவில்லை. நீர் தேங்கிய சேற்றில் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வேர் வாழாது. ஆயினும் நெல் செழிக்கிறதே, எவ்வாறு? இதுவே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவரும் அவருடன் உழைத்த பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சி வெளியீடுகள் 1913-ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. உடன் உழைத்த இந்தியரின் பெயரும் தலைவரின் பெயருக்கு இணையாக அச்சேறியது அக்காலத்தில் சிறிய காரியமன்று.

அவர்கள் கண்டது இது. சேற்றின் உள்ளே தழை மட்கும்போது உண்டாகும் வாயுக்களில் சதுப்பு வாயு எனப்படும் மீதேனும் நைட்ரஜனும் முக்கியமானவை. சேற்றின் மேற்பரப்பிலோ, பாசியும் நுண்ணுயிர்களும் கலந்த மெல்லிய ஏடு ஒன்று படர்ந்திருக்கிறது. மேலெழும் மீதேனை அவ்வேட்டின் நுண்ணுயிர்கள் கரியமிலவாயுவாக மாற்ற, பாசி அக்கரியமிலவாயுவை உட்கொண்டு வெயிலின் உதவியால் பிராணவாயுவை வெளியிடுகிறது. அப்பிராணவாயு நீரில் கரைந்து, நீர் மெல்லக் கீழிறங்கும்போது வேருக்கு எட்டுகிறது. ஆகவே தழையெரு பயிருக்கு உணவாவதோடு, மறைமுகமாக வேருக்கு மூச்சும் அளிக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தனர். (இளநாற்றை மூடிக்கொண்டு கம்பளம்போல் கனத்து மிதக்கும் பாசி வேறு, அதனை அகற்றவே வேண்டும்.)

பிற்கால ஆராய்ச்சி இம்முடிவைத் திருத்தியும் விரித்தும் உள்ளது. நெற்பயிர் தன் இலையிலும் தண்டிலும் உள்ள காற்றறைகளின் வழியே பிராணவாயுவைத் தானே வேருக்கு இறக்கிக்கொள்கிறது. அதே வழியாகச் சேற்றின் மீதேனும் புகைப்போக்கியில் ஏறுவதுபோல் வெளியேறுகிறது. ஆயினும் வடிகால் இன்றியமையாதது என்று ஹாரிசன் வற்புறுத்தியது இன்றும் நிற்கிறது.

ஹாரிசன் பின்னர் பூசா இம்பீரியல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். அடுத்து வந்த ஆர். வி. நாரிஸ் பிற்காலத்தில் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். அவருக்குப்பின் பி. விசுவநாத் அப்பொறுப்பை ஏற்றார். தொழுவெரு இட்ட நிலத்து விதைக்கும் ரசாயன எரு இட்ட நிலத்து விதைக்கும் வீரியத்தில் வேற்றுமை உண்டோ என்று 1920-களில் அவர் சோதித்தார்; தொழுவெருவின் பக்கமே அவர் தீர்ப்பு. அத்தீர்ப்பை எல்லோரும் ஒப்பவில்லை. இம்பீரியல் விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் அவரே. மனிதர் மாறினும் சோதனை வயல்கள் மாறவில்லை: 1909-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை நூறாண்டைக் கடந்தும் நடந்துவருகிறது.

இனி, கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். பெரியாற்று அணை 1895-இல் திறக்கப்பட்டதிலிருந்து இங்கு இருபோக நெல் நிலைபெற்றது. மழை நன்கு தொடங்கிய ஆண்டில் ஜூன் மாதத்தில் மடை திறக்கிறது. தண்ணீர் வந்த மறுநாளே உழவு, மிதிப்பு, நடவு என்று அவசரப்படுவதில்தான் தீங்கு விளைகிறது. கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ மட்குவதற்கு இடங்கொடாமல் நட்டால், மட்கலின் வேகத்தில் சேற்றிலுள்ள பிராணவாயு முழுதும் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் எழும்; புதுவேர் கறுத்துவிடும். இலை மஞ்சளிப்பதைக் கண்டு மேலும் உப்பெரு இடுவது வீண் செலவு. பயிரைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். வேர் வெண்மையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் கவலையில்லை. கறுத்திருந்தால் வாய்மடையை அடைத்து நீரை வடித்து, சேற்றில் மயிரிழை வெடிப்புக் காணும்வரை ஆறவிட்டுப் பின்னர் நீர் கட்டுக.

இவ்வாறு காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் நிறுத்துவதால் மீதேன் வெளியேறுவது வெகுவாகக் குறைகிறது; உலக வெப்பத்தை உயர்த்தும் வாயுக்களில் அதுவும் ஒன்றாதலால், இன்று பல நாடுகள் இம்முறையைக் குடியானவர்க்குக் கற்பிக்கின்றன. மிச்சமாகும் நீரும் முல்லையாற்றின் வழியே வைகையைச் சேர்ந்து மதுரைச் சீமைக்குப் பயன்படும்.

பொதிப்பருவத்திலும் கதிர் பூக்கும் பருவத்திலும் மாத்திரம் வயலைக் காயவிடலாகாது. கடைமடை வயல்களில், மேல்வயலின் வடிநீரே பாய்ச்சல் நீராதலால், நீரை வடிக்குமுன் பக்கத்து வயற்காரரிடம் சொல்லிவிடுவது நன்று.