துணைக்கு வரும் ராணுவ ஜீப்

கேள்வி: எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். மேற்குக் கரை பற்றிப் பேச்சு வந்தபோது, "வேற நாட்டு மிலிட்டரி இருக்கிற ஊர்ல பசங்களுக்கு தினமும் லீவா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன பதில் சொல்வது?
— ஓர் ஆசிரியர், தென்காசி

பதில்: லீவு இல்லை என்றே சொல்லுங்கள். பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரை 1967 முதல் இஸ்ரேலிய ராணுவத்தின் பிடியில் இருந்தாலும் அங்கே பள்ளி மணி அடிக்கிறது. நம்மூர் பிளஸ் டூ போல 'தவ்ஜீஹி' தேர்வு வந்தால் வீடே டிவியை அணைத்துவிடும்.

கட்டாய லீவு விட்ட காலமும் உண்டு. 1988இல், முதல் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீனர் எழுச்சியின்போது, ராணுவம் பள்ளிகளை மாதக்கணக்கில் மூடியது. பெற்றோரும் ஆசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக் கூடங்களில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். அதற்குத் துணைநின்ற மக்கள் குழுக்களை அந்த ஆகஸ்டிலேயே சட்டவிரோதம் என்று இஸ்ரேலிய அதிகாரிகள் அறிவித்தார்கள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதற்கும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. இத்தனைக்கும், பிடித்துவைத்திருக்கும் நாடு பிள்ளைகளின் கல்வி நிலையங்கள் ஒழுங்காக நடக்க உதவ வேண்டும் என்று 1949இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 50ஆம் பிரிவில், தெளிவாகவே சொல்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இப்போது பெரும் சிக்கல் போகிற வழியில் இருக்கிறது. ஹெப்ரானுக்குத் தெற்கே துபா என்றொரு குக்கிராமம். ஆடு மேய்க்கும் குடும்பங்கள். பள்ளிக்கூடம் பக்கத்து ஊரான அத்-துவானியில். நேர்வழி இஸ்ரேலியர்கள் அமைத்த ஒரு யூதக் குடியேற்றத்தை ஒட்டிப் போகிறது. அந்த வழியில் போன பிள்ளைகளைக் குடியேறிகள் விரட்டினார்கள், கல்லெறிந்தார்கள். சுற்றிப் போனால் பல மடங்கு தூரம். 2004இல், துணைக்கு நடந்த வெளிநாட்டுத் தன்னார்வலர்களையே சங்கிலியும் கட்டையும் கொண்டு அடித்தார்கள். அதன் பிறகுதான் ராணுவ ஜீப் ஒன்று பிள்ளைகளுக்குத் துணையாக வரத் தொடங்கியது. தாக்கியவர்களைத் தடுத்து வழியைத் திறந்துவிட்டிருக்கலாம், அது நடக்கவில்லை.

உங்கள் மாணவிக்கு இதைச் சொல்லுங்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் முதுகில் பையோடு மேட்டில் நின்று, தங்கள் ஊரைப் பிடித்துவைத்திருக்கும் ராணுவத்தின் வண்டி கண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்தால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். வண்டி பிந்தினால் முதல் பீரியட் போய்விடும். மாலையில் பள்ளி விட்டதும், திரும்ப அதே வண்டிக்காகக் காத்து நிற்பார்கள்.