வேதாளைக் கடலில் ஒரு போர்

நம்ம நல்லம்பள்ளியிலிருந்து கடலைப் பார்க்கணும்னா, எந்தப் பக்கம் கிளம்பினாலும் அரை நாள் பஸ்ஸில் உட்காரணும். அதனாலோ என்னவோ, கடற்போர் என்றதும் ராஜேந்திர சோழனோடு நிறுத்திக்கொள்கிறோம். ராமேஸ்வரம் போனவர்கள் மண்டபத்துக்குச் சற்று முன்னால் வேதாளை என்ற ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். பக்கத்திலேயே மரைக்காயர்பட்டினம். 1538-இல் அங்கே ஒரு போர் நடந்தது.

1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தார். அது எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் சில வருடங்களிலேயே, கடலில் போகும் கப்பலெல்லாம் எங்களிடம் 'கர்த்தாஸ்' என்ற சீட்டு வாங்க வேண்டும் என்று போர்ச்சுக்கீசியர் சட்டம் போட்டார்கள். சீட்டு இல்லையா? கப்பலும் சரக்கும் பறிமுதல். நம்ம கடலில் போக வந்தவனிடம் பாஸ் வாங்கணுமாம்!

அரிசி, மிளகு வியாபாரம் செய்த மரைக்காயர்கள் இதை ஏற்கவில்லை. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி பக்கம் நின்று சண்டையிட்டார்கள். சாமூதிரியின் கடற்படைத் தலைவருக்குக் குஞ்ஞாலி மரைக்காயர் என்று பட்டம்.

மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. போர்ச்சுக்கீசியர் கப்பல் உயரமானது, பீரங்கி நிறைய. ஆனால் அது நகரக் காற்று வேணும், மிதக்க ஆழம் வேணும். மரைக்காயர் படகோ துடுப்பில் ஓடுவது. சட்டென்று வந்து அடித்துவிட்டு, ஆழமில்லாத ஆற்று முகத்துவாரத்தில் புகுந்துவிடும். பெரிய கப்பல் துரத்தினால் தரை தட்டும்!

இலங்கையில் கோட்டை ராஜா புவனேகபாகுவுக்குப் போர்ச்சுக்கீசியர் துணை. அவர் தம்பி, சீதாவாக்கை மாயாதுன்னை, சாமூதிரியிடம் உதவி கேட்டார். உதவிக்குப் போன மரைக்காயர் படை குமரிமுனையைச் சுற்றி வந்து வேதாளையில் தங்கியது. மார்ட்டிம் அபோன்சோ டி சூசா பின்தொடர்ந்து வந்தார். இந்தத் தடவை அவரிடமும் அந்தக் கடலுக்கேற்ற துடுப்புப் படகுகள் இருந்தன. எதிரியின் வித்தையை எதிரிக்கே காட்டிவிட்டார். மரைக்காயர் படை சிதறியது, படகுகள் பறிபோயின.

அதோடு முடிந்துவிடவில்லை. இன்னும் அறுபது வருடம் சண்டை நடந்தது. 1599-இல் நான்காம் குஞ்ஞாலியின் கோட்டக்கல் கோட்டையைத் தாக்கிய போர்ச்சுக்கீசியர் தோற்றுத் திரும்பினார்கள். ஆனால் குஞ்ஞாலியின் செல்வாக்கு வளர்ந்தது சாமூதிரிக்கே பிடிக்கவில்லை. 1600-இல் அவரே அந்நியரோடு சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு உறுதி பெற்றுச் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்ச்சுக்கீசியர் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள்.

வடகரை பக்கம் இரிங்கலில் அவர் நினைவிடம் இருக்கிறது. கேரளா டூர் போகிற வருடம் அங்கே ஒரு மணி நேரம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்போமா?